சாமியம்மாள் கட்டிய முடிச்சுகள்

சாமியம்மாளின் கைக்கு வாய் இருந்திருந்தால் அது முதலில் வாந்திதான் எடுத்திருக்கும். கல்வராயன் மலையின் அந்தச் சின்ன அருவியில், குளிக்க வந்தவர்கள் விட்டுப்போனதையெல்லாம் ஒன்பது வருடம் அந்தக் கைதான் அள்ளியது. உடைந்த மது பாட்டில், எலும்பு, குழந்தைக்குக் கட்டிக் கழற்றிய டயப்பர். ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பினால் எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கையைச் சோற்றில் வைக்கப் பிடிக்காது. மகள் தனுஷாதான் ஊட்டிவிடுவாள். கொடுத்து வைத்தவள் என்றார்கள் அக்கம்பக்கத்தார். காரணம் அவர்களுக்கு என்ன தெரியும்!

இரண்டு வருடத்துக்கு முன், மழையில் ஒரு பாறை உருண்டு வந்து விழ, அருவியை மூடிவிட்டார்கள். சாமியம்மாள் மரவள்ளிக் காட்டில் களையெடுக்கப் போனாள். தன் கையாலேயே சாப்பிடவும் ஆரம்பித்தாள்.

போன தை மாதம் சங்கராபுரத்திலிருந்து சிவசங்கர் வந்தார். அருவியைத் திறந்து நடத்தக் குத்தகை எடுத்திருப்பவர்.

"இந்த வாட்டி மாசச் சம்பளம்மா. அடையாள அட்டையும் போட்டுத் தரேன். மேல போய் மிச்சப் பாறை கெட்டியா இருக்குதா, ஆடுதான்னு மட்டும் பாத்துட்டு வா. நீ சொன்னா போதும், திறந்துடுவேன். நான் ஏறினா மூச்சு வாங்கும்."

"மூச்சா, பயமாங்க சார்?"

"ரெண்டுந்தான். போய்ட்டு வாம்மா!"

மாசச் சம்பளம்! ஒன்பது வருடமாக யார் யார் காலிலோ விழுந்து அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஏறினாள். சீட்டு கொடுக்கும் கொட்டகை கொடிகளுக்குள் காணாமல் போயிருந்தது. சிமெண்டுப் படியைப் பிளந்துகொண்டு ஆலங்கன்று ஒன்று இடுப்புயரம் நின்றது. பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் கரடி போட்டுவிட்டுப் போன சாணம், அதில் அத்தி விதைகள். நுரையில்லாத தண்ணீரில் மீன்கள். மனிதக் கால் படாத இரண்டே மழை! நாம் எல்லோரும் ஒரே நாளில் இல்லாமல் போனால், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டைக் காடு மூடுவதற்கு எத்தனை மழை வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

பாறையைத் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. அத்தி வேர்கள் அதை நாலு பக்கமும் இறுக்கிப் பிடித்திருந்தன. அவள் நெஞ்சு குளிர்ந்தது. வேலை கிடைத்துவிட்டது!

இறங்கும் வழியில் அந்தப் பள்ளம். அள்ளியதையெல்லாம் மூட்டை கட்டி அதில்தான் உருட்டச் சொல்லியிருந்தார் பழைய மேஸ்திரி. கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதுதான் சுத்தம். செடிகளை விலக்கிப் பார்த்தாள். கடவுளே! அவளுடைய நீல நைலான் புடவையைக் கிழித்துக் கட்டிய முடிச்சுகள், நேற்றுக் கட்டியவைபோல் இருந்தன. கிழிந்த ஒரு மூட்டையிலிருந்து டயப்பர் உப்பி வெளியே தொங்கியது. கறையான்கூட வாய் வைக்கவில்லை. மரத்தின் வேர் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயிருந்தது. சிமெண்டைத் தின்ற காடு, அவள் கட்டிய மூட்டையைத் தின்ன மறுத்துவிட்டது. அருவருப்பு வந்தது. பிறத்தியார் மேல் மட்டுமா? தன் கை மேலும்தான்.

ஆனாலும் மாசச் சம்பளமாயிற்றே. இறங்கினாள்.

கீழே ஓடைக்கரையில் சிவசங்கர் பிரியாணி தின்று முடித்திருந்தார். ஓடையிலேயே வாய் கொப்பளித்துத் துப்பினார். எலும்போடு டப்பாவைத் தூக்கித் தண்ணீரில் எறிந்தார்.

"இன்னா சார் இது?"

"அதான் நீ இருக்கியேம்மா, அள்றதுக்கு! வேலைய இன்னிக்கே ஆரம்பிச்சுடு." சிரித்தார். பல்லிடுக்கில் கறித்துணுக்கு. "சரி, பாறை எப்படி?"

டப்பா மிதந்தது. மீன்கள் வந்து எண்ணெயை முகர்ந்தன.

"ஆடிக்கினு இருக்குதுங்க," என்றாள் சாமியம்மாள். "கை வெச்சா உருளும். நாலு பேர் செத்தா போலீஸ் உங்க வூட்டுக்குத்தான் வரும்."

அவர் மேலே ஒரு முறை பார்த்தார். அடுத்த நிமிடம் பைக் கிளம்பிவிட்டது.

முழங்கால் தண்ணீரில் இறங்கி டப்பாவை எடுத்தாள். பள்ளத்தில் போடவில்லை. வீடுவரை கையிலேயே கொண்டுபோனாள்.

"இன்னாம்மா இது, குப்பைய வூட்டுக்கு எடுத்தாந்திருக்க? வேலை இன்னா ஆச்சு?" என்றாள் தனுஷா.

"வரலடி."

மகள் சோற்றைப் பிசைந்து எடுத்துவந்தாள். சாமியம்மாள் வாயைத் திறந்தாள். கண்ணில் நீர் வழிந்தது.

"இன்னிக்கு மட்டும் ஊட்டுடி. நாளையிலருந்து நானே துன்னுக்கிறேன்."