மீன் கடை வரிசை

அந்தக் கோடையில் பரளச்சியில் கஞ்சித் தொட்டி திறந்திருந்தார்கள். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் விடிந்ததும் ஏனத்தோடு அங்கே போய் வரிசையில் நிற்பார்கள். கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள்.

என் மகன் அப்போது லண்டனில் படித்துக்கொண்டிருந்தான். கல்லூரிச் சம்பளம் உதவித்தொகையில் கழிந்துவிடும். அறை வாடகையும் சாப்பாடும் எங்கள் பருத்தியை நம்பி இருந்தன. மழை பொய்த்ததும் பணம் அனுப்புவது நின்றது. அவனோ சௌகரியமாக இருப்பதாகவே எழுதிக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கப்பலில் சமையல் வேலை பார்க்கும் அருப்புக்கோட்டை ராவுத்தர் ஒருவர் எங்களை விசாரித்துக்கொண்டு வந்தார். கப்பல் லண்டனில் நின்றபோது மகனைப் பார்த்தாராம்.

"தம்பி நல்லா இருக்காப்ல, டீச்சரம்மா. நான் போனப்ப வரிசையில நின்னாப்ல. தெனமும் விடியுமுன்ன வந்து நின்னுருவாப்லயாம், கையில பையோட."

எனக்குத் தெரிந்த வரிசை ஒன்றுதான். அதில் என் மகனை ஏனத்தோடு பார்த்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் எழுந்து மாட்டுக் கொட்டத்துக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

"ரெட்டியபட்டி யாவாரி நேத்தே கேட்டான். ரெண்டு மாட்டையும் குடுத்துட்டுக் கப்பல் சீட்டுக்கு அனுப்பிருவோம். படிச்சது போதும், வந்து சேரட்டும்."

இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. மாடு போனால் எங்களுக்கு விதைப்பும் இல்லை. அவர் பின்னாலேயே போயிருந்த நான் திரும்பி வந்து ராவுத்தரிடம் கேட்டேன்.

"அங்கயும் கஞ்சி ஊத்துறாகளா?"

"கஞ்சியா?" தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "மீன் கடை வரிசை, டீச்சரம்மா! யுத்தம் முடிஞ்சும் அங்க எல்லாத்துக்கும் தட்டுப்பாடு. மீனு வாங்க அரைநாள் நிக்கணும். வயசான பொம்பளைகளுக்கு முடியுமா? தம்பிய அனுப்புறாக. வீட்டுக்கு இவ்வளவுன்னு கூலி. நாலஞ்சு வீடு புடிச்சு வச்சிருக்காப்ல. நிக்கிற நேரம் பூரா புத்தகந்தான்."

கயிறும் கையுமாக வீட்டுக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார்.

"மீன் கடையிலயா? கருவாடு வறுத்தா மூக்கப் பொத்திக்கிட்டுத் தெருவுக்கு ஓடுற பயலாச்சே!"

"இப்பச் செவுளத் தூக்கிப் பாத்துப் பழசு புதுசு சொல்லிருவாப்ல அண்ணே. கடைக்காரனே பயப்படுறான்."

பல மாதங்களுக்குப் பிறகு வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்தக் குளிர்ல கால்ல என்ன போட்டிருக்கான்?"

ராவுத்தர் கொஞ்சம் தயங்கினார். "பூட்ஸுதான். அடி தேஞ்சுபோச்சு. அட்டைய வெட்டி உள்ள வச்சிருக்காப்ல."

வீட்டுக்காரர் போய் மாட்டை மறுபடி கட்டினார். "ஆடியில ஒரு மழை பெஞ்சா உழ வேணும்ல" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். "அவன் முடிச்சிட்டே வரட்டும்."

ராவுத்தர் அடுத்த மாதம் மீண்டும் கப்பல் ஏறுவதாக இருந்தார். அந்த வருஷம் எங்களுக்கு விளைந்த பருத்தி, அருப்புக்கோட்டைக்கு வண்டி கட்டக்கூடப் போதாமல், மூலையில் ஒரு கூடையில் கிடந்தது. கொட்டை எடுத்துப் பஞ்சைத் தட்டி, கெட்டித் துணிக்குள் வைத்துத் தைத்தால் பூட்ஸுக்குள் போட மெத்தையாகும். மகன் கால் அளவுக்கு வீட்டுக்காரரைத் துணிமேல் நிற்கச் சொல்லிக் கரித்துண்டால் கோடு போட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார்.

"ஒரு விரக்கடை கூட்டி வெட்டு. வளந்திருப்பான்."