டிக்கிக்குள் பச்சைத் தண்ணீர்

லெட்சுமணனைப் போல உயிரை எடுக்கிற மெக்கானிக் மாத்தளை டவுனில் இன்னொருவன் இல்லை. இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. அவனுடைய கராஜுக்கும் என்னுடைய ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரேயொரு தகரம். பதினான்கு வருடமாக அதைத் தட்டி, "ஜுனைதீன் நானா, ஒரு நிமிஷம்" என்று சொந்த அண்ணனைப் போலக் கூப்பிடுவான். அந்த ஒரு நிமிஷம் மதியம் லுஹர் தொழுகை வரைக்கும் இழுக்கும்.

தோட்டத்துப் பிள்ளை. அப்பா இருளாண்டி தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டவர். மகன் எந்த வாகனம் வந்தாலும் முதலில் காதைக் கொடுப்பான், பிறகுதான் கையை வைப்பான். அவன் கை பட்ட கார்கள் வருடா வருடம் மலையேற்றப் போட்டியில் கோப்பை வாங்கின. கோப்பையைத் தூக்கியவர்கள் எல்லாம் வேறு ஆட்கள். இவன் வெயிலில் நின்று கை தட்டிவிட்டு பஸ்ஸில் வந்து சேருவான்.

2006இல் துருப்பிடித்த ஒரு டர்போ காரை இழுத்துக்கொண்டு வந்து, அடுத்த வருடம் தானே ஓட்டப்போவதாகச் சொன்னான். பேரும் கொடுத்துவிட்டான். யுத்தம் போகிற போக்கில் அதற்கடுத்த போட்டி நடக்குமா என்று யாருக்கும் தெரியாது. நாற்பதை நெருங்குகிறவனுக்கு அது ஒன்றுதான் வாய்ப்பு.

எல்லாம் சரியாக வந்தது, இன்டர்கூலரைத் தவிர. டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அமுக்கினால் காற்று சூடாகும், சூடானால் எஞ்சினின் இழுவை குறையும். அந்தக் காற்றைக் குளிர வைக்கிற பெட்டிதான் இன்டர்கூலர். ஒரு வகை காரின் முகத்தில் தொங்கி, எதிர்க்காற்றில் குளிரும். இன்னொரு வகைக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீரைத் தள்ள பம்ப் வேண்டும், நிரப்பி வைக்க டாங்கி வேண்டும், அந்தத் தண்ணீரை ஆற்ற இன்னொரு சின்ன ரேடியேட்டரும் வேண்டும். முதல் வகை என் கடை ராக்கையில் தூசி படிந்து கிடந்தது. சும்மாவே எடுத்துக்கொண்டு போ என்றேன்.

கேட்டானா? ஏழு மாதம். நூல் பிடித்து அளப்பான், கழற்றுவான், தகரத்தைத் தட்டுவான்.

"மலையில வளைவுக்கு வளைவு வண்டி ஊர்ந்துதான் போகும் நானா. முகத்துல காத்து எங்க அடிக்கும்? தண்ணின்னா வண்டி நின்னாலும் குளிரும். காத்துக் குழாயும் நீளமில்லாம கட்டையா போட்டுக்கலாம், மிதிச்ச ஒடனே இழுக்கும்."

"பம்ப் நின்னா?"

மறுநாள் பதிலோடு வருவான். பம்ப் நின்றாலும் டாங்கியில் இருக்கிற தண்ணீர் ஒரு ஏற்றத்துக்குத் தாங்குமாம். எனக்குக் காது புளித்துப் போனது.

கடைசியில் தண்ணீர்தான் என்று முடிவு செய்தான். முன்னால் இடம் போதாமல் டாங்கியை டிக்கிக்குள் வைத்தான். உள்ளே பச்சை நிறக் கூலன்ட். பம்புக்கு வயர், டாஷ்போர்டில் ஒரு சிவப்பு சுவிட்ச். அது போதாதென்று, பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம், வயரையெல்லாம் கறுப்பு டேப்பால் சுற்றி, டாங்கியைக் கார்பெட்டால் மூடி, ஓரத்தைத் தைத்தும் விட்டான்.

அந்த நாட்களில் பெண்கள் கூட சோதனைச் சாவடி வருமுன்பே கைப்பையைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வார்கள். நான் சாமான் ஏற்றினால் ஒரு பெட்டிக்கும் மூடி போடமாட்டேன். இவன் தைத்து வைத்திருக்கிறான்.

"கார்பெட்டைப் பிரிச்சிப் போடுடா."

"வேலை சுத்தமா இருக்கணும் நானா."

போட்டிக்கு மூன்று நாள் இருந்தது. வியாழக்கிழமை காலை தகரத்தைத் தட்டினான். "நாலந்தா வரைக்கும் ஒரு ஓட்டம் பார்க்கணும். நீங்களும் வாங்க நானா. செக்பொயின்ட்ல தமிழன் தனியா வந்தா இறக்கிடுவாங்க, நீங்க பக்கத்துல இருந்தா நல்லம்."

கடையில் அப்போது ஓர் ஆள் கூட இல்லை. "அந்த இன்டர்கூலரைக் கூட்டிக்கிட்டுப் போ" என்றேன்.

பதினொரு மணிக்கு ஒரு பஸ் கண்டக்டர் வந்து, டிக்கியில் குண்டு என்று லெட்சுமணனைச் செக்பொயின்ட்டில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார். மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனேன். லெட்சுமணன் ரோட்டோரம் தரையில், கைகளைத் தலையில் வைத்து உட்கார்ந்திருந்தான். கார்பெட் கிழிந்து கிடந்தது, குழாய்களை வெட்டியிருந்தார்கள். பச்சைத் தண்ணீர் தாரில் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி யாரும் மிதிக்காமல் கல் அடுக்கியிருந்தார்கள்.

அவன் என்னை விட நன்றாகச் சிங்களம் பேசுவான். எல்லாவற்றையும் சொல்லித்தான் இருக்கிறான். அதிகாரி என்னிடமும் கேட்டார்: காற்றைக் குளிர வைக்கத் தண்ணீர் எதற்கு?

நான் ஏழு மாதமாகக் கேட்ட அதே கேள்வி. வாயைத் திறந்தேன். வளைவில் வண்டி ஊர்வது, குழாய் கட்டையாக இருப்பது, பம்ப் நின்றாலும் டாங்கி தாங்குவது, ஒன்று விடாமல் வந்தது. காதில் போட்டுக்கொள்ளவே இல்லை என்று நான் நினைத்திருந்ததெல்லாம் வரிசையாக வந்தது. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றுதான் கேட்டார்.

"சரி. தைத்தது எதற்கு?"

வேலை சுத்தத்துக்கு என்றேன். அவர் என்னை நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி நடந்தது. செவ்வாய்க்கிழமைதான் அவனையும் காரையும் விட்டார்கள்.

புதன் காலை தகரம் தட்டப்படவில்லை. நேராகக் கடைக்குள்ளேயே வந்தான். ராக்கையிலிருந்த அந்த இன்டர்கூலரை எடுத்துத் தூசி தட்டினான். கன்னத்தில் வீக்கம் இருந்தது.

"நானா சொன்னதுதான் சரி" என்றான்.

ஏழு மாதமாக இந்த வார்த்தைக்காகத்தான் அவனோடு மல்லுக்கட்டினேன். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னாலேயே கராஜுக்குள் போனேன்.

"அதுல காத்து அடிக்காதுடா. வளைவுல ஊர்ந்துதானே போகும். தண்ணிதான் சரி. நான் வர்றேன், பக்கத்துலயே உட்கார்றேன்" என்று கத்தினேன்.

அவன் அதைக் காரின் முகத்தில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க நானா" என்றான்.