தேனீயின் காலில் பட்டு

சோதனை முடிவு வந்த காலையில் வீட்டில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், நான் இருந்தேன். அக்கா இல்லை. முதல் ஷிஃப்டுக்குச் செய்யாறு கம்பெனி பஸ் ஏறிப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் ஒரு பகல் குழப்பம் மிச்சமாகியிருக்கும்.

சந்தவாசல் மலையடியில் அலைந்து நான் பிடித்த காட்டுத் தேனீக்கள் நாற்பது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு காலை வெட்டி, எந்த இனம் என்று டி.என்.ஏ. பார்க்கச் சென்னைக்கு அனுப்பியிருந்தேன். அந்தப் பட்டியல் சரியாக இருந்தால்தான் என் உதவித்தொகை அடுத்த வருடமும் வரும். இருபத்தாறு, தேனீ என்று வந்தன. பதினாலு, பட்டுப்பூச்சி என்று வந்தன.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் போனில் கேட்டார். “ஏம்பா, வீட்ல தறி இருக்கா?”

“இருக்குங்க சார். ஆனா பூச்சிங்க வச்சிக்கிற ரூம்ல இல்லீங்க.”

தூசியா, என் சட்டையா, கத்தரியா? ஒன்றும் பிடிபடவில்லை. தறியை நிறுத்திவிட்டு வந்த அப்பா ஒரு குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தேனீயை அவர் பார்க்கவே இல்லை. தேனீயோடு பெயர்ச்சீட்டைக் கட்டியிருந்த நூலைத்தான் பார்த்தார்.

“இன்னாடா இது, கோந்து போகாத பட்டு. ஸ்பிரிட்ல ஊறிகினு கெடக்கு.”

புழுவின் பசையும் அதோடு அதன் டி.என்.ஏ.வும் அப்படியே ஒட்டியிருக்கும் நூல் அது. எங்கள் வீட்டில் யாரும் காசு கொடுத்து நூல் வாங்கியதில்லை. எதைக் கட்டினாலும் தறியில் மிஞ்சிய இழைதான். சீட்டுகளைக் கட்டித்தரச் சொன்னபோது அக்கா அதையே எடுத்திருக்கிறாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கும் உறைக்கவில்லை.

சாயங்காலம் வந்த அக்கா சாப்பாட்டுப் பையைக்கூட இறக்கவில்லை. “பட்டு கட்டினேன், பட்டுன்னு வந்துக்குது. மிஷின் கரெக்டாத்தான் சொல்லுது. படிச்சவன் நீதானடா பாத்திருக்கணும்.”

ஆனால் நாற்பது குப்பியிலும் அதே நூல்தானே? இருபத்தாறு மட்டும் எப்படித் தப்பின?

“நூலா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம்” என்றார் பேராசிரியர். “திரும்பப் பாத்தாத்தான் தெரியும். அதுக்கு நம்ம திட்டத்துல பணம் இல்லப்பா.”

ஒவ்வொரு தேனீக்கும் இன்னும் ஐந்து கால்கள் இருந்தன. நூலை அவிழ்த்தெறிந்து, தேனீக்களைக் கழுவி, பதினாலு கால்களை மறுபடி அனுப்பினேன். பதின்மூன்று, தேனீ என்று வந்தன. ஒன்று இன்றுவரை பட்டுப்பூச்சியாகவே நிற்கிறது; ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தனியாகக் குறித்துப் பட்டியலைக் கொடுத்தேன். உதவித்தொகை நீண்டது.

மறுசோதனைக்குப் பணம் கொடுத்தது அப்பா பாதி, அக்கா பாதி. ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய்.