மோட்டார் சைக்கிளில் ஒரு கார் ஆல்டர்னேட்டர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பேரணாம்பட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ஸ்டோர் வேலை. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இரண்டாவது குழந்தைக்கு எனக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எங்கோ போய்விட்டு வந்தவர், ஒரு சாக்குப் பையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து வாசலில் வைத்தார். பூசணிக்காய் என்று ஆசையாகப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே எண்ணெய் அழுக்கோடு ஏதோ ஒரு சாமான்.

"இன்னாங்க இது?"

"ஆல்டர்னேட்டர். கார்ல கரண்ட் உண்டாக்கறது."

"நம்மகிட்ட ஏது காரு?"

"வண்டிக்குப் போடப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

வண்டி என்பது எங்கள் பழைய மோட்டார் சைக்கிள். மிலிட்டரி ஏலத்தில் போய், பல கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்தது. என்ஜினில் குறை சொல்ல முடியாது. விளக்குதான் சுத்த மோசம். வேகமாகப் போனால் ரோடு கொஞ்சம் தெரியும்; பள்ளம் பார்த்து மெதுவாகப் போனால் பீடி நெருப்பு அளவுக்குச் சுருங்கிவிடும். டேனரி முதலாளியின் பழைய வெளிநாட்டுக் கார் காயலான் கடைக்குப் போனதாம். அதிலிருந்து கழற்றிய பாகம்தான் இது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதது மெஷின் இல்லை, மனிதர்தான். முதல் பிரசவத்தில் குழந்தையைப் பறிகொடுத்தவள் நான். அன்று மழை இருட்டில் இதே வண்டியில்தான் ஆம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை; அழுதும் நான் பார்த்ததில்லை. இந்தக் குழந்தையாவது உயிரோடு கைக்கு வருமா என்று நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயந்து கிடக்கிறேன். இவரோ ஸ்பேனரும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மற்ற வீட்டுக்காரர்கள் கர்ப்பிணிக்கு மாதுளம்பழம் வாங்கி வருவார்கள். என்னவர் சக்கரம் சக்கரமாகப் புல்லி வாங்கி வந்தார்.

அவருக்குத் துணை பக்கத்து வீட்டு பாய். டேனரியில் ஃபிட்டர். தோல் பதனிடும் பெரிய டிரம்களைச் சுற்ற வைக்கிற மெஷின்கள் எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டு பேரும் சேர்ந்தால் உலகம் மறந்துவிடும். பழைய டைனமோவைக் கழற்றிப் போட்டார்கள். வண்டிக்குப் பெரிய பேட்டரி வந்தது. அது உட்கார மரப்பெட்டி வந்தது. பல்பெல்லாம் மாறியது. என் முழியைப் பார்த்துவிட்டு பாய் விளக்கம் சொன்னார்.

"பேஜார் ஆவாதீங்க டீச்சரம்மா. இந்த வண்டிக்கு பேட்டரி பிளஸ்ஸு பாடியில இருந்துச்சு. இதுக்கு மைனஸு பாடிக்கு வரணும். தலைகீழா மாத்திட்டோம்னா வெளிச்சம் ஜாஸ்தி."

தலைகீழாக ஆனது என் தலைதான். நான் "ஆமாம் பாய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கடைசியில் ஒரு சிக்கல். என்ஜினிலிருந்து ஆல்டர்னேட்டரைச் சுற்ற ஒரு பெல்ட் வேண்டும். கடையில் கிடைத்த ரப்பர் பெல்ட் எதுவும் அளவுக்கு வரவில்லை. "நம்மூர்ல தோலுக்கா பஞ்சம்?" என்று பாய் சிரித்தார். டேனரி டிரம்களையே தோல் பெல்ட்தானே சுற்ற வைக்கிறது! தடித்த எருமைத் தோலில் வார் அறுத்து, முனைகளைச் சேர்த்துத் தைத்து மாட்டினார்கள். சாயங்காலம் விளக்கைப் போட்டதும் எதிர் வீட்டுச் சுவரே வெள்ளை அடித்த மாதிரி ஆகிவிட்டது. தெருவே வந்து பார்த்தது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த வெளிச்சத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். எனக்கு லேசாகப் பயமாகக்கூட இருந்தது.

தோல் பெல்ட்டின் குணம் மழை வந்ததும்தான் தெரிந்தது. நனைந்தால் நீண்டுவிடும். நீண்டால் வழுக்கும். விளக்கு மறுபடி பீடி நெருப்பு. வெட்டித் தைத்தால், வெயிலில் காய்ந்து விறைத்துக்கொள்ளும். வெட்டுவதும் தைப்பதுமாக என் ஒன்பதாம் மாதமும் வந்துவிட்டது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"பஸ் இருக்குது, டேனரி வேன் இருக்குது. இந்த வண்டியக் கட்டிக்கினு ஏங்க அழறீங்க?"

"நேரம் எப்பவும் ஒரே மாதிரி இருக்காது" என்றார். அவ்வளவுதான் பதில். என்னைவிட, வயிற்றுக் குழந்தையைவிட, இவருக்கு வண்டிதான் பெரிது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

வலி வந்தது காலையில், நல்ல வெயிலில். பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம். துணைக்கு வந்திருந்த அம்மா, வேன் கேட்கலாம் என்றாள். அவர் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். அம்மாவைத் துணி மூட்டையோடு பின்னாலேயே பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு நான் ஏறி உட்கார்ந்தேன். தெருமுனை திரும்பியதும் பார்க்கிறேன், முன் விளக்கு எரிகிறது! பட்டப்பகலில்! எதிரே வந்தவர்கள் எல்லாம் விரல்களைக் குவித்து விரித்து, லைட் எரிகிறது என்று ஜாடை காட்டினார்கள். அவர் தலையை ஆட்டினாரே தவிர அணைக்கவில்லை. இந்த மனிதருக்கு என்ன ஆகிவிட்டது என்று வலிக்கு நடுவிலும் எனக்குக் குழப்பம்.

ஊரைத் தாண்டி ஆம்பூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது பட்டென்று ஒரு சத்தம். பெல்ட் அறுந்து செயினில் சுற்றிக்கொண்டது. பின் சக்கரம் இறுகிவிட்டது. என் உடம்புக்காக மெதுவாகத்தான் வந்தார், அதனால் விழாமல் தப்பினோம். என்னைப் புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, வெறுங்கையால் அந்தத் தோலைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கையெல்லாம் கிரீஸும் ரத்தமும். அப்போதுதான் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார், சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி.

"இந்த தபாவும் நானே கெடுத்துட்டேன்."

"எந்த தபா நீங்க கெடுத்தீங்க?"

"அன்னிக்கு ஒழுங்கா லைட் இருந்திருந்தா சீக்கிரம் கொண்டாந்திருப்பேன். கொழந்த பொழச்சிருக்கும்."

எனக்கு வலியே ஒரு நிமிஷம் நின்றுபோன மாதிரி இருந்தது. "இன்னா சொல்றீங்க? நாம வீட்ட விட்டுக் கெளம்பறதுக்கு முன்னாடியே அதுக்கு உயிர் போயிடுச்சுங்க. கழுத்துல கொடி சுத்திக்கினு. டாக்டரம்மா அப்பவே சொன்னாங்களே!"

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"யாருகிட்ட சொன்னாங்க?"

டாக்டரம்மா சொன்னது கட்டிலருகே, என்னிடமும் அம்மாவிடமும். பிரசவ விஷயம் பெண்களோடு என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆம்பிளை வெளியே வராந்தாவில் நிற்பார். பிறந்ததா, பிழைத்ததா என்ற ஒரு வரி மட்டும் அவருக்குப் போகும். அம்மா சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அம்மா நினைத்தாள். அவரோ, நான் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து வாயே திறக்கவில்லை. ஒரே தட்டில் சோறு தின்ற இரண்டு பேர், இரண்டு வேறு துக்கத்தோடு இத்தனை காலம் இருந்திருக்கிறோம்.

அதற்குள் உப்புத் தோல் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த கிளீனரைப் பின்னால் ஏறச் சொல்லிவிட்டு, "ஏறும்மா, நீயும் ஏறு தோஸ்த், வண்டி எங்கயும் போயிடாது" என்றார். அந்த நாற்றத்தை இன்று நினைத்தாலும் மூக்கு சுருங்கும். ஆனால் அந்த லாரி அன்று எனக்குப் பல்லக்கு. வழியெல்லாம் என் வீட்டுக்காரர், "நெஜமாவா? முன்னாடியேவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. வீல் என்று அழுதாள். நர்ஸம்மா குழந்தையைத் துடைத்து, பக்கத்தில் நின்ற அம்மாவிடம் நீட்டி, எடை என்ன, உடம்பு எப்படி என்று சொல்ல ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்களுக்கு அப்புறம் சொல்லுங்க சிஸ்டர். மொதல்ல வெளிய நிக்கிறாரே, அவருகிட்ட போயி எல்லாத்தையும் சொல்லுங்க."

அம்மாவுக்குக் கொஞ்சம் கோபம்தான். நர்ஸம்மா சிரித்துக்கொண்டே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. ஒன்று விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

நல்லதோ கெட்டதோ, இன்றும் யார் வீட்டுக்குப் போனாலும் உள்ளே பெண்களோடு பேசி அழுது முடித்த பிறகு, வெளியே சுவரோரமாகப் பேசாமல் நிற்கிற ஆம்பிளையிடம் போய், "உங்களுக்கு எல்லாம் சொன்னாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் நான் படி இறங்குவதில்லை.