முனுசாமி வீட்டுக்கு ஒரு நாள்

ஐப்பசி கடைசி வாரம். அரக்கோணம் ஸ்டேஷனில் காலை வண்டியிலிருந்து தபால் பைகளை வாங்கிக்கொண்டிருந்தேன். திருத்தணிப் பையைக் கொடுத்த ஆள் கையெழுத்து வாங்கிய பிறகும் போகாமல் நின்றார். "சார், ஒங்க முனுசாமி பூட்டாருங்க. நேத்து மழையில ஓட்டு மேல ஏறினாராம், வழுக்கிட்சாம்" என்றார். நான் பையின் முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்து முடித்த பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது.

முனுசாமி இருபது வருஷம் திருத்தணியின் தபால்காரர். அதில் ஒன்பது வருஷம் நான் அதே ஆபீசில் குமாஸ்தா. அவர் கையால் கடிதம் வாங்கிய திருத்தணிக்காரர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஓர் ஆடிக் கிருத்திகைக்கு, 'காவடி எடுத்து வந்திருக்கும் என் மருமகன் ஏழுமலைக்கு, திருத்தணி' என்று மட்டும் விலாசம் எழுதிய கார்டு ஒன்று வந்தது. திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். "மாமனாரு மெனக்கெட்டு எழுதிகீறாரு சார்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கூட்டத்தில் ஏழுமலை, ஏழுமலை என்று கூப்பிட்டுக்கொண்டே மலைப்படி ஏறினார். பதினோரு ஏழுமலைகள் திரும்பிப் பார்த்தார்களாம். பன்னிரண்டாவது ஆளுக்குத்தான் மாமனார் கையெழுத்து தெரிந்திருந்தது.

ஊர் முழுக்க வாசல் ஏறியவருக்குச் சொந்த வீட்டுக்குள் நிம்மதி இல்லை. நாட்டு ஓடு போட்ட பழைய வீடு. ஓட்டைத் தாங்கும் கைமரங்களைக் கறையான் தின்றிருந்தது. அவர் மனைவி கன்னியம்மாளுக்கு இரைப்பு. ஈரச் சுவருக்கு நடுவில் படுத்தால் எந்த மருந்தும் கேட்காது, முதலில் கூரையை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாகையா மேஸ்திரி வந்து அளந்து பார்த்தார். கைமரம், சட்டம், சீமை ஓடு, வண்டிக் கூலி, ஆள் கூலி எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய் ஆகும் என்றார். தபால்காரருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பது எனக்குத் தெரியும். சம்பளப் பட்டியல் எழுதியவன் நான். ஆறு வருஷம் சேர்த்தார். வெளியில் டீ குடிப்பதைக்கூட விட்டார். கடைசியில் கன்னியம்மாளின் வளையலையும் விற்று, இந்த ஆனிக் கடைசியில் தொகை முழுதாகக் கைக்கு வந்தது.

அங்கேதான் எங்கள் ஊர்க் குழப்பம் குறுக்கே வந்தது. ஊர் தமிழ்ப் பக்கமா தெலுங்குப் பக்கமா என்று கடைத்தெருவில் தொண்டை கிழியச் சண்டை போடுகிறோம். பஞ்சாங்கத்தில் மட்டும் சண்டை இல்லை, அவரவருக்கு அவரவருடையது. தெலுங்கருக்கு ஆஷாட மாசத்தில் நல்ல காரியம் ஆகாது. அது அமாவாசைக்கு அமாவாசை கணக்கு, நம் ஆனியிலேயே தொடங்கிவிடும். நமக்கு ஆடி ஆகாது. அது ஆஷாடம் முடிந்த பிறகும் சில நாள் நீளும். நாகையா தெலுங்குக்காரர். பணம் தயார் என்று சொன்னபோது, ஆஷாடம் பிறந்துவிட்டது, வீட்டுத் தலையைத் திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அமாவாசை கழிந்த மறுநாள் சொன்ன சொல் தவறாமல் ஏணியோடு வந்து நின்றார். அப்போது ஆடி முடியப் பதினான்கு நாள் இருந்தது.

முனுசாமி என்னிடம் கேட்க வந்தார். மேஜை இழுப்பறையில் பஞ்சாங்கம் வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் நாள் பார்த்துச் சொல்வது எனக்குச் சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகம். அதில் எனக்குப் பெருமை வேறு. ஆடியில் கூடாது என்று பார்க்காமலேயே சொன்னேன்.

"மழைக்கு ஆடி ஆவணி தெரியுங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பதினாலு நாள்ல குடி முழுகிடாது. பொறுங்க" என்றேன்.

"ஆங், நீங்க சொன்னா சரிங்க" என்று போய்விட்டார்.

நாகையா ஒரு நாள் காத்திருந்தார். பிறகு அம்மையார்குப்பத்தில் தறிக்கொட்டகை வேலை கிடைத்துப் போனார். ஆவணி பிறந்தது, கூடவே மழையும். கன்னியம்மாள் மூச்சு முட்டி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பணத்தில் பாதி அங்கே போயிற்று. புரட்டாசியில் நாகையா திரும்பி வந்தபோது சீமை ஓட்டின் விலையும் ஏறியிருந்தது. முனுசாமி என் மேஜைக்கு எதிரில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒங்க பஞ்சாங்கத்துக்கும் நாகையா பஞ்சாங்கத்துக்கும் நடுவுல என் வூட்டுக்கு மட்டும் நாளே இல்லீங்க சார்." அவர் குத்திக்காட்டும் ஆள் இல்லை. உள்ளதைச் சொன்னார். நான் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் எனக்கு அரக்கோணத்துக்கு மாற்றல் வந்தது. அவரை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

சாவுக்குப் போனபோதும் மழை. கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் சொட்டுகிறது என்று நகர்த்தினார்கள். அங்கே மார்பில் சொட்டியது. மாலையோடு வந்த நாகையா அதைப் பார்த்தார். மாலையை என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, யாரோ கொண்டுவந்த தார்ப்பாயோடு கூரை மேல் ஏறினார். விழுந்துவிடப் போகிறார் என்று பெண்கள் கத்தினார்கள். அரை மணி நேரத்தில் சொட்டுவது நின்றது. அன்று என்ன திதி என்று அவரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அது நாகையா மேல் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். கூலி வேண்டாம், வேலையை நான் முடித்துத் தருகிறேன் என்று நாகையா சொல்லியிருக்கிறார். வருஷம் திரும்பாமல் கூரையைத் தொடக்கூடாது என்று உறவுக்காரர்கள் தடுத்திருக்கிறார்கள். கன்னியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பேசுவதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

"எதுன்னாலும் சாரைக் கேளுன்னு அவரு சொல்வாருங்க. நீங்களே ஒரு நாள் பாத்துச் சொல்லுங்க."

"நாளைக்கே ஆரம்பிங்கம்மா" என்றேன்.

"சரிங்க" என்றார். பிறகு, "ஓட்டுக்குப் பணம்?" என்று கேட்டார்.

மிச்சமிருந்த பணம் சாவுச் செலவில் கரைந்திருந்தது. என்னால் முடிந்தது கைமரத்துக்குக்கூடக் காணாது. அதைக் கொடுத்துவிட்டு வண்டியேறினேன். இன்றும் மழை பெய்துகொண்டிருக்கிறது.

முனுசாமியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய நம்பிக்கை. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் நம்பினார். அதை அப்படியே மனைவியிடமும் விட்டுப் போயிருக்கிறார். அதற்கு நான் தகுந்தவன் இல்லை என்று அந்த அம்மாளிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.