அக்கா ரிவர்ஸ் சொல்லித் தராத கதை

என் அக்கா கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். கற்றுக்கொடுக்கிற காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து, சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட அவள் வலது கால் தரையை அழுத்தும். யாராவது வேகமாக ஓடிவருகிற காட்சி என்றால் கேட்கவே வேண்டாம். அவளோடு பேருந்தில் போவது மாதிரி மானக்கேடு வேறில்லை.

அக்காவுக்கு ஒரே மகள். ஐந்து வயது. சுண்டெலி என்று கூப்பிடுவோம். கூப்பிட்டால் திரும்பமாட்டாள், அது வேறு விஷயம். வீட்டிலுள்ள செருப்புகளையெல்லாம் வாசலிலிருந்து சமையலறை வரை வரிசையாக அடுக்குவாள். மிக்ஸி ஓடினால் மேஜைக்கு அடியில் போய்விடுவாள். பேச்சு இன்னும் வரவில்லை. சாயந்தரமானால் பல நாள் அழ ஆரம்பித்துவிடுவாள். பசியா, வலியா, கோபமா, ஒரு மண்ணும் புரியாது. அக்கா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நீட்டுவாள்: தண்ணீர், பிஸ்கட், பொம்மை, கடைசியில் சித்தியாகிய என்னை. சுண்டெலி எல்லாவற்றையும் தள்ளிவிடுவாள்.

"என்ன வேணும்னு ஒரே ஒரு தடவ சொல்லிட்டா போதும்டி," என்பாள் அக்கா. "அப்புறம் அவ பேசவே இல்லேன்னாலும் பரவாயில்ல."

குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். இது நோயில்லை, உலகம் அவளுக்குள் போய்ச் சேருகிற விதமே வேறு என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் பேச்சுப் பயிற்சிக்கு முறை வர மாதக்கணக்கில் ஆகுமாம். "அதுவரைக்கும் வீட்ல எல்லாரும் நிறைய பேசுங்க" என்று அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? அக்கா தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுவாள். அவள் கணவர், அதாவது என் மாமா, அச்சகத்தில் வேலை செய்கிறவர். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை வீட்டுக்கு வந்தும் இறங்காது.

விஷயம் வெளியே தெரிந்ததும் தகவல் வந்து குவிந்தது. உறவுக்காரர் ஒருவர் குழந்தைக்கு போனைக் காட்டவே கூடாது என்று ஒரு வீடியோ அனுப்பி, அதைக் குழந்தைக்கும் காட்டச் சொன்னார். பக்கத்து வீட்டம்மா, "எங்க வீட்டுக்காரரும்தான் கூப்பிட்டா திரும்ப மாட்டாரு, அவர எங்க கொண்டுபோய்க் காட்டறது?" என்றார். இணையத்தில் ஒருவன் சொட்டு மருந்து விற்றான். வழுக்கைக்கும் அதே மருந்துதான்.

அக்கா வேறு வழி கண்டுபிடித்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவன் எங்கே ஓடிப்போவான்? வண்டி கற்க வந்தவர்களையெல்லாம் கேட்க ஆரம்பித்தாள்.

"லெஃப்ட்ல திரும்புங்க. கண்ணாடி பாத்தீங்களா? உங்க சொந்தத்துல யாருக்காவது ஆட்டிசம் இருக்கா?"

வங்கி ஊழியர் ஒருவர் பதறிப்போய் வண்டியை நடைபாதையில் ஏற்றினார். கேக் கடைக்காரர், இவள் தன்னைத்தான் ஜாடையாகச் சொல்கிறாள் என்று கோபித்துக்கொண்டு வேறு பயிற்சிப் பள்ளிக்கே போய்விட்டார்.

அப்புறம்தான் ஓர் அம்மாள் வண்டி கற்க வந்தார். என்ன வேலை என்று அக்கா கேட்க, "பேச்சு வராத பிள்ளைங்களுக்குப் பயிற்சி குடுக்கறேன்" என்றார். அக்கா பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

அன்றிலிருந்து அந்தக் காரில் யார் டீச்சர் என்றே தெரியாமல் போனது. அந்த அம்மாள் நேர் ரோட்டில் ஓட்டிக்கொண்டே இருப்பார், அக்கா கேட்டுக்கொண்டே இருப்பாள். ரிவர்ஸ் பழகிவிட்டால் டெஸ்ட்டுக்குப் போய்விடுவார், பாஸ் பண்ணிவிட்டால் வரமாட்டார். ஆகவே ரிவர்ஸ் கியர் என்று ஒன்று இருப்பதையே அக்கா அமுக்கிவிட்டாள். அவராகக் கேட்டால், "பழைய வண்டிங்க, பின்னாடி போனா அதுக்கு ஆகாது" என்றாள்.

"பாவம்க்கா அவங்க," என்றேன்.

"நீ வாய மூடு," என்றாள்.

ஒருநாள் அந்த அம்மாள் வேண்டுமென்றே ஒரு முட்டுச்சந்துக்குள் காரை விட்டார். சுவருக்கு முன்னால் நிறுத்தி என்ஜினை அணைத்தார்.

"இப்ப என்ன மேடம் பண்றது?"

அக்கா சுவரைப் பார்த்தாள். "இறங்கி நடந்துடலாமா?"

"நான் லைசென்ஸ் வாங்கிட்டா உங்கள மறந்துடுவேன்னு பயமா?"

அக்கா பொலபொலவென்று அழுதுவிட்டாள். அவர் அழ விட்டுவிட்டு, பிறகு சொன்னார்: "சனிக்கிழமை சனிக்கிழமை நூலகத்து மாடியில இந்தப் பிள்ளைங்களோட அப்பா அம்மாங்க கூடுவாங்க. நானும் வருவேன். நீங்களும் வாங்க. அதுக்கு முன்னாடி வீட்ல கொஞ்சம் படம் வைங்க. வாயால சொல்ல முடியாதத அவ படத்த எடுத்துக் குடுத்துச் சொல்லட்டும். இப்ப தயவு செஞ்சு ரிவர்ஸ் சொல்லிக் குடுங்க, வீட்டுக்குப் போகணும்."

அக்கா சொல்லிக் கொடுத்தாள். ஒரு குப்பைத்தொட்டி மட்டும் சாய்ந்தது.

படம் என்றால் அக்காவுக்குத் தெரிந்தது ஒரே படம்தான். மாணவர்களுக்குக் காட்டுகிற சாலைக் குறியீட்டு அட்டைகளை அப்படியே வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வந்தாள். முள்கரண்டியும் ஸ்பூனும் போட்டது சாப்பாடு. கட்டில் படம் தூக்கம். யூ டர்ன் என்றால் வீட்டுக்குப் போகலாம். நூலகத்து மாடியில் இதைச் சொன்னபோது அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனாலும் தப்பில்லை, குழந்தைக்குப் புரிந்தால் சரி என்றார். மற்ற அப்பா அம்மாக்களும் ஆளுக்கொன்று சொல்லிக்கொடுத்தார்கள். செருப்பு அடுக்குகிற பிள்ளைகள் அங்கே வேறு சிலரும் இருந்ததால் மாடிப்படி பார்க்க அழகாக இருந்தது.

சுண்டெலியோ அட்டைகளையும் வரிசையாக அடுக்கினாள். அவ்வளவுதான். வாரக்கணக்கில் அவ்வளவேதான்.

ஒரு சாயந்தரம் மாமா வேலையிலிருந்து வந்தார், டிவி போட்டார், அழுகை ஆரம்பமானது.

"தண்ணி அட்டையக் காட்டு!" என்றார் மாமா.

"அது தண்ணி இல்ல, வண்டி ஆத்துல விழுந்துடும்னு அர்த்தம்!" என்றாள் அக்கா.

"கட்டிலக் காட்டுங்க!" என்று நானும் என் பங்குக்குக் கத்தினேன்.

சுண்டெலி அழுதுகொண்டே எழுந்தாள். வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்து, நடுவிலிருந்து ஓர் அட்டையை உருவினாள். கொண்டுவந்து அக்காவின் வாய்மேல் வைத்து அழுத்தினாள். ஹார்ன் படம், குறுக்கே சிவப்புக் கோடு.

ஹார்ன் அடிக்காதே.

மூன்று பேரும் வாயடைத்துப் போனோம். மாமா டிவியை அணைத்தார். அழுகை மெல்லக் குறைந்தது. என்ன வேண்டும், என்ன வேண்டும் என்று இத்தனை நாளும் அவள் காதருகே கத்தியிருக்கிறோம். நாங்கள் வாயை மூடினால் போதும் என்றுதான் அவள் அழுதிருக்கிறாள்.

அக்காவால் அடக்க முடியவில்லை. "சொல்லிட்டாடி! எம் பொண்ணு சொல்லிட்டா!" என்று வீடே அதிரக் கூவினாள்.

சுண்டெலி அட்டையை இன்னொரு முறை எடுத்து நீட்டினாள்.