அத்தான் மூச்சு வாங்கிய இடங்கள்

சுடுதண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை எங்கே பார்த்தாலும் என் விரல்கள் பென்சிலைத் தேடும். அந்த டம்ளர் என் கணவருடையது. அத்தை மகன் என்பதால் சிறுவயது முதல் அத்தான் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. மாலையில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடப்பக்கம் டம்ளரையும் வலப்பக்கம் கைக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்குவார். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தாலும் காத்திருக்க மாட்டார்.

எண்பதுகளின் கடைசியில் இராஜபாளையத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அவருக்கு நூற்பாலையில் பஞ்சு உடைக்கும் பிரிவில் வேலை. எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தற்காலிக டைப்பிஸ்ட் வேலை. நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னால் அதோடு சரி. தமிழ்ச் சுருக்கெழுத்தில் உயர்நிலைப் பரீட்சை பாஸானால் ஸ்டெனோவாக நிரந்தரமாக வழி இருந்தது. அத்தானின் நெஞ்சில் அப்போதே பஞ்சு குடியேறிவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்கும். மில் வேலை இனி ரொம்ப நாளைக்கு இல்லை என்று இருவருக்கும் தெரியும். அதைப் பேசாமல் பரீட்சையைப் பற்றியே பேசினோம்.

படிப்பைக்கூட மில்காரர் போலத்தான் பிரித்துக் கொடுத்தார். விடிந்ததும் ஏ ஷிப்ட்: கஷ்டமான சொற்களின் சுருக்கெழுத்துக் கோடுகளைக் கை வலிக்கத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். கோர்ட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பி ஷிப்ட்: முந்தின நாள் எழுதியதை நானே வாசித்து, தடுமாறுகிற இடங்களில் குறி போட வேண்டும். மாலையில் சி ஷிப்ட்: அவர் வாசிக்க நான் எழுதுவது. ஒரே பகுதியை முதலில் நிதானமாக, பிறகு பரீட்சை வேகத்தில், அதற்குப் பிறகு புதுப் பகுதி ஒன்றை அதைவிட வேகமாக வாசிப்பார். களைத்துப்போய் நான் முகத்தைச் சுளித்தால் ஒரே பேச்சுதான். "ஏட்டி, மில்லுல ஷிப்டுதான் மாறும், மிஷின் நிக்காது. ஒன் கையும் நிக்கக் கூடாது."

அவர் கடிகாரம் சொன்ன வேகத்தில் நான் பிழையில்லாமல் எழுதினேன். மதுரைக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். ஃபெயிலானேன். என் நோட்டில் பாதிக்கு மேல் சொற்கள் விட்டுப்போன ஓட்டைகள். வீட்டில் அதே வேகத்தில் எழுதிய கைக்கு அங்கே என்ன வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை. அழுது முடித்த பிறகு அத்தான் ஒன்றே ஒன்று கேட்டார், அங்கே எப்படி வாசித்தார்கள் என்று.

"மூச்சு விடாம வாசிச்சாரு அத்தான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அத்தானால் ஒரு நீளமான வாக்கியத்தை ஒரே மூச்சில் வாசிக்க முடியாது. நடுவில் நிறுத்தி, ஒரு வாய் சுடுதண்ணீர் குடித்து, விட்ட நேரத்தை ஈடுகட்ட மிச்சத்தை விரட்டி வாசிப்பார். நிமிடக் கணக்கு சரியாக வந்துவிடும். ஆனால் என் கை இரண்டு சொல் பின்தங்கி வரவும், அவர் மூச்சு வாங்கும்போது எட்டிப் பிடிக்கவும் பழகிவிட்டது. மதுரையில் எட்டிப் பிடிக்க இடமே கிடைக்கவில்லை. அத்தான் டம்ளரை எட்ட நகர்த்தி வைத்தார்.

மறுநாள் சி ஷிப்ட் கைமாறியது. கீழ்வீட்டு டீச்சரக்கா சர்ச்சில் வேதம் வாசிப்பவர், ஆற்றொழுக்காக வாசிப்பார். அத்தான் கடிகாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்காருவார். இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கித் தெருவுக்குப் போய்விடுவார். தெருவில் அவர் இருமுவது மேலே கேட்கும். நான் எழுதிக்கொண்டே இருப்பேன். கை நிற்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

அடுத்த முறை பாஸானேன். பொறுத்திருந்து, நிரந்தர வேலையும் வந்தது. அதற்குள் அவர் மில்லிலிருந்து நின்றுவிட்டார். இனிப் பரீட்சை இல்லை, சும்மா ஒரு பக்கம் வாசியுங்கள் என்று ஒருநாள் கேட்டேன். "வேண்டாம் தாயி. ஒன் கை கெட்டுப்போயிரும்" என்றார். கெட்டால் கெடட்டும் என்று சொல்லியிருக்கலாம். சாகும்வரை எனக்கு அவர் ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

அவர் போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் பழைய மில் தொழிலாளி ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டார். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. வக்கீல் பொறுமையிழந்து அடுத்த கேள்விக்கு வாயெடுத்தார். ஜட்ஜ் கையமர்த்தி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"சுடுதண்ணியாக் கெடைக்குமாய்யா?" என்று கேட்டார் பெரியவர்.

டவாலி வெளியே டீக்கடைக்கு ஓடினார். அப்போதுதான் நோட்டைப் பார்த்தேன். பெரியவர் கடைசியாகச் சொன்ன இரண்டு சொற்கள் அதில் இல்லை. இத்தனை வருஷமாக எந்த ஜட்ஜுக்கும் எந்த வக்கீலுக்கும் பின்தங்காத கை அவருக்குப் பின்தங்கியிருந்தது. எவர்சில்வர் டம்ளர் வந்து, அவர் ஒரு வாய் குடித்து மூச்சு வாங்குவதற்குள் அந்த இரண்டு சொற்களையும் எழுதி முடித்துவிட்டு, மிச்சத்தை அவர் விரட்டிச் சொல்லுவார் என்று பென்சிலை நோட்டில் ஊன்றிக் காத்திருந்தேன்.